கார் லாக் பண்ணும்போது வர்ற ‘கீக்’ சத்தத்தை எப்படி நிறுத்துறது?

நைட்ஷிஃப்ட் ஆளு (வேளச்சேரி)

வணக்கம் மக்களே. எனக்கு ஆபீஸ் சோழிங்கநல்லூர்ல, அமெரிக்க நேரத்துக்கு வேலை. வீடு திரும்ப ராத்திரி ரெண்டு, ரெண்டரை ஆயிடும். எங்க அபார்ட்மென்ட்ல ஸ்டில்ட் பார்க்கிங். காரை விட்டு இறங்கி ரிமோட்டை அமுக்கினா ‘கீக்’னு ஒரு சத்தம். பகல்ல காதுலயே விழாத சத்தம்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு தூணுக்கு நடுவுல கேட்டா யாரோ விசில் அடிச்சு எழுப்புற மாதிரி இருக்கு. முதல் மாடியில கைக்குழந்தை இருக்கிற வீடு வேற. அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்புல ‘சிலர்’னு ஆரம்பிச்சு ஒரு மெசேஜ் வந்தாச்சு. அந்தச் சிலர் நான் ஒருத்தன்தான்.

கார் பேஸ் மாடல். டச் ஸ்க்ரீன், செட்டிங்ஸ் மெனு எதுவும் கிடையாது. சென்ட்ரல் லாக்கும் அலாரமும் டெலிவரி அன்னிக்கு ஷோரூம்ல ஆக்சஸரீஸ் பேக்கேஜோட போட்டுக் கொடுத்தது. சர்வீஸ்ல கேட்டா “அது அப்படித்தான் சார் வரும்”கிறாங்க. தெருமுனை எலக்ட்ரீஷியன் “வயரை கட் பண்ணிடலாம், ரெண்டு நிமிஷ வேலை”ங்கிறார். வெட்டலாமா? வேற வழி இருக்கா? கார் பூட்டினது எனக்குத் தெரியணும், ஊருக்குத் தெரிய வேண்டாம்.

நெல்லை டீசல்

கையால சாவி போட்டுப் பூட்டுங்க அண்ணாச்சி, சோலி முடிஞ்சுது. எங்க அப்பா அம்பாசிடருக்கு எந்த பீப்பும் கிடையாது.

நைட்ஷிஃப்ட் ஆளு (வேளச்சேரி)

டிரைவர் கதவுல சாவி போட்டா மத்த மூணு கதவும் பூட்டிக்குது, அது சரி. ஆனா அலாரம் ஆன் ஆகல. ரிமோட்ல பூட்டினாத்தான் டேஷ்போர்டுல அந்தச் சிவப்பு லைட் மினுங்குது.

வயர்மேன் (கோவை)

வயரை வெட்டாதீங்க தம்பி. முதல்ல சத்தம் எதுல இருந்து வருதுன்னு பாருங்க. அது தெரியாம யார் என்ன வழி சொன்னாலும் உங்களுக்குப் பொருந்தாது. நான் வருஷக்கணக்கா இந்த வேலைதான் பார்க்கறேனுங்க, சுருக்கமா சொல்றேன்.

லாக் பண்ணும்போது சத்தம் வர்ற இடம் மூணு. ஒண்ணு, காரோட சொந்த ஹார்ன். அமெரிக்காவுக்குன்னு தயாரிக்கிற கார் நிறையத்துல இப்படித்தான். உள்ள இருக்கிற கன்ட்ரோல் யூனிட் ஹார்ன் ரிலேவை, அதாவது ஹார்னை இயக்குற மின் சுவிட்சை, ஒரு நொடிக்கும் குறைவா தட்டி விடும், ‘பிப்’னு முடிஞ்சிரும். ரெண்டாவது, முன் பம்பருக்குப் பின்னாடியோ இன்ஜின் ரூம்லயோ இருக்கிற சின்ன பஸ்ஸர். கம்பெனியே ஸ்மார்ட் கீ கொடுக்கிற கார்ல பெரும்பாலும் இதுதான், சத்தமும் மெதுவாத்தான் இருக்கும். மூணாவதுதான் உங்க கதை. வெளிக் கம்பெனி அலாரத்தோட சைரன். திருட்டு நடந்தா அலற வேண்டிய அதே சைரன்தான் லாக் பண்ணும்போது ஒரு தடவை, அன்லாக் பண்ணும்போது ரெண்டு தடவை கீச்சுனு சொல்லும்.

அதனாலதான் வெட்டாதீங்கன்னு சொன்னேன். சைரன் வயரை வெட்டினா லாக் சத்தமும் போகும், கண்ணாடியை உடைச்சா கத்த வேண்டிய சத்தமும் போகும். இன்னொண்ணு, சில சைரனுக்குள்ளேயே சின்ன பேட்டரி இருக்கும். திருடன் வயரை வெட்டினாலும் கத்தணும்னு வச்ச ஏற்பாடு. அந்த மாதிரி சைரனா இருந்து உங்க எலக்ட்ரீஷியன் ராத்திரி வயரை உருவினார்னா, முதல் மாடி மட்டுமில்ல, பக்கத்துத் தெருவே எழுந்துக்கும்.

பானட்டைத் திறந்து பாருங்க. பேட்டரி பக்கத்துலயோ, இன்ஜின் ரூமுக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு (ஃபயர்வால்) ஓரமாவோ கறுப்பா, புனல் மாதிரி வாய் வச்சு ஒண்ணு இருக்கும். அதுல சின்னதா ஒரு சாவி ஓட்டை இருக்கான்னு பாருங்க, இருந்தா பெரும்பாலும் அது உள்ள பேட்டரி வச்ச சைரன்தான். ரிமோட்ல எத்தனை பட்டன், என்னென்ன படம்னும் எழுதுங்க.

ஜெர்சி சிட்டி மாமா

இங்க அமெரிக்காவுல எங்க வீட்டு நிசான்ல இது ரெண்டு செகண்ட் வேலை. ரிமோட்ல லாக், அன்லாக் ரெண்டு பட்டனையும் சேர்த்து ரெண்டு செகண்டுக்குக் குறையாம அமுக்கிப் பிடிக்கணும். ஹசார்ட் லைட் மூணு தடவை மின்னினா ஹார்ன் சத்தம் ஆஃப். மறுபடியும் அதே மாதிரி பிடிச்சா லைட் ஒரு தடவை மின்னி, ஹார்ன் ஒரு தடவை அடிக்கும். ஆன் ஆயிடுச்சுன்னு அர்த்தம். கையேட்டுலயே இருக்கு. ஆஃப் பண்ணினாலும் திருட்டு அலாரம் அடிக்கும்போது ஹார்ன் அடிக்கும்னும் அதுலயே போட்டிருக்கு.

இதை ஏன் சொல்றேன்னா, திரும்ப ஆன் பண்ணும்போது அது ஹார்ன் அடிச்சுத்தான் பதில் சொல்லும். சோதிச்சுப் பார்க்கிறவங்க பகல்ல சோதிங்க.

கேள்வி கந்தன் (மதுரை)

மாமா, இந்த ரெண்டு பட்டன் வித்தை இந்தியாவுல விக்கிற எல்லா காருக்கும் ஆகுமா?

வயர்மேன் (கோவை)

எல்லாத்துக்கும் ஆகாதுங்க. ஒரே கம்பெனி கார்லயே நாட்டுக்கு நாடு செட்டிங் மாறும். அமுக்கிப் பார்க்கிறதுல நஷ்டம் ஒண்ணும் இல்லை, ஆனா வேலை செய்யலைன்னா விட்டுருங்க. யூடியூப்ல “எந்தக் காரா இருந்தாலும் இதைச் செய்யுங்க”ன்னு ஒரு வீடியோ சுத்துது. அதுல வர்ற மாதிரி இக்னிஷனை ஆன் ஆஃப், ஆன் ஆஃப்னு விளையாடினா சில அலாரம் யூனிட்ல ரிமோட்டைப் புதுசா சேர்க்கிற மோடுக்குப் போயிடும். அப்புறம் கையில இருக்கிற ரிமோட்டே அடையாளம் தெரியாம நிக்கும்.

பெட்ரோல் பாட்டி

பேருதான் பாட்டி, வயசு கம்மி. எங்க வீட்டுல ஹோண்டா. லாக்கை ஒரு தடவை அமுக்கினா லைட் மட்டும் மின்னும். அஞ்சு செகண்டுக்குள்ள ரெண்டாவது தடவை அமுக்கினாத்தான் பீப். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். சத்தம் வேணும்னா ரெண்டாவது அமுக்கு, வேண்டாம்னா ஒண்ணோட நிறுத்திக்கோ. கதவுக் கைப்பிடியைத் தொட்டு பூட்டும்போது வர்ற பீப் வேற கணக்கு. ஸ்க்ரீன் இருக்கிற மாடல்ல வண்டி செட்டிங்ஸ் உள்ள ‘கீலெஸ் ஆக்சஸ் பீப்’னு தனியா இருக்கும், அங்க ஆன் ஆஃப் பண்ணலாம். சத்தத்தோட அளவைக் கூட்டிக் குறைக்கிற மாடலும் உண்டு.

டொரோண்டோ தமிழன்

டெஸ்லாவுல ‘கன்ட்ரோல்ஸ்’ போய் ‘லாக்ஸ்’ திறந்தீங்கன்னா ‘லாக் கன்ஃபர்மேஷன் சவுண்ட்’னு ஒரு சுவிட்ச் இருக்கும். அவ்வளவுதான் வேலை. போனை எடுத்துக்கிட்டு நடந்து போனாலே தானா பூட்டிக்கிற வசதியும் அதே பக்கத்துல இருக்கு. வீட்டு வாசல்ல மட்டும் தானா பூட்ட வேண்டாம்னு விலக்கும் வைக்கலாம். பூட்டினா வெளி லைட் ஒரு தடவை மின்னும், பக்கக் கண்ணாடி மடியும்.

இதுல கூத்து என்னன்னா, 2023 கடைசியில வந்த விடுமுறைக்கால அப்டேட்ல நம்ம இஷ்டத்துக்குச் சத்தம் வச்சுக்கலாம்னு விட்டாங்க. ஒரு மெகாபைட்டுக்குக் குறைவான வேவ் ஃபைலை ‘லாக்சைம்’னு பேர் வச்சு யுஎஸ்பியில போட்டா, பூட்டும்போது அது கேட்கும். வெளியில ஸ்பீக்கர் இருக்கிற வண்டிக்கு மட்டும்தான். பாதசாரிகளை எச்சரிக்க வச்ச ஸ்பீக்கர் அது. எங்க கட்டடத்துல ஒருத்தர் ஆடு கத்துற சத்தம் வச்சிருக்கார். தினமும் சாயங்காலம் பேஸ்மென்ட்ல ஆடு கத்தும்.

நெல்லை டீசல்

எங்க ஊர்ல ரிவர்ஸ் எடுத்தா வண்டி பாட்டு பாடுதே, அதைவிட ஆடு தேவலை.

வக்கீல் வண்டி (சென்னை)

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம், ஏனென்றால் அசோசியேஷன் கூட்டத்தில் இது நிச்சயம் கிளம்பும்.

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு அந்த நேரத்தில் நிர்ணயித்த அளவு 45 டெசிபல், பகலில் 55. 2010இல் கொண்டுவந்த திருத்தத்தில் ஹார்னைப் பற்றித் தனியாகவே சொல்லிவிட்டார்கள்: அமைதி மண்டலத்திலும், இரவு நேரத்தில் குடியிருப்புப் பகுதியிலும், பொது அவசரம் தவிர ஹார்ன் அடிக்கக் கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம்.

45 டெசிபல் என்பது ஒரு கால அளவில் எடுக்கும் சராசரி. உங்கள் ‘கீக்’ ஒரு நொடிகூட இல்லை. அந்தக் கணக்கில் உங்களைப் பிடிப்பது கடினம். ஆனால் சத்தம் காரின் ஹார்ன் வழியாக வந்தால், எழுத்துப்படி இரவு ஹார்ன் தடையின் கீழ் கொண்டுவந்து வாதாட ஒருவர் முயலலாம். இதற்காக யாரும் காவல் நிலையம் போகப்போவதில்லை. ஆனால் கூட்டத்தில் “என் கார், என் இடம்” என்று பேசினால் எதிர்த்தரப்பு இந்த விதியை எடுத்து வைக்கும், அதற்குச் சொல்கிறேன்.

ஹாரோ அண்ணன் (லண்டன்)

இங்க நின்னுட்டிருக்கிற வண்டியில ஹார்ன் அடிக்கிறதே தப்பு, வேற வண்டியால ஆபத்து வந்தா ஒழிய. ஊருக்குள்ள ராத்திரி 11.30 முதல் காலை 7 வரை ஓடுற வண்டியிலயும் அடிக்கக் கூடாது. அதனாலயோ என்னவோ, இங்க விக்கிற கார் பெரும்பாலும் இண்டிகேட்டரை மினுக்கிட்டுச் சும்மா இருந்துரும். ஊர்ல இருந்து வந்த மாமனார் முதல் வாரம் முழுக்க “மாப்ளே, வண்டி பூட்டலை”ன்னு திரும்பத் திரும்ப அனுப்பினார்.

சந்தேகம் சண்முகம் (திருச்சி)

எல்லாரும் ஆஃப் பண்றதைப் பத்தியே பேசுறீங்க. நான் ஆன் பண்ணணும். எங்க கார்ல லைட் மட்டும்தான் மின்னுது. மத்தியானம் பன்னெண்டு மணி வெயில்ல, திறந்தவெளி பார்க்கிங்ல, அந்த மினுக்கு கண்ணுக்கே தெரியல. அம்மாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். அக்கா வண்டி ஓட்டும்போது பெரும்பாலும் கூடப் போறது அவங்கதான். “பூட்டிட்டியா, பூட்டிட்டியா”ன்னு கேட்டுட்டே இருப்பாங்க. சத்தம்னா அவங்களே தெரிஞ்சுக்குவாங்க.

அது போக ரிமோட் சிக்னலைத் தடுக்கிற கருவி வச்சுத் திருடுறாங்கன்னு படிச்சேன். நாம அமுக்குறோம், வண்டிக்குப் போய்ச் சேரல, பூட்டினதா நினைச்சுப் போயிடறோம். சத்தம் இருந்தா இது உடனே தெரிஞ்சிரும்ல? சத்தத்தை ஆஃப் பண்ணச் சொல்றவங்க இதை யோசிச்சீங்களா?

சிக்னல் சித்தன்

நியாயமான பயம்தான் சண்முகம். நம்ம ஊர்லயும் ஐரோப்பாவிலயும் கார் ரிமோட் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ்ல பேசும், அமெரிக்காவிலயும் ஜப்பான்லயும் 315. அதே அலைவரிசையில பக்கத்துல யாராவது இரைச்சலைக் கிளப்பி விட்டா நம்ம ரிமோட் சொல்றது வண்டிக்குக் கேட்காது. திருட்டுத்தனமே வேணும்னு இல்லை. சில டவர் பக்கத்துல, சில மால் பேஸ்மென்ட்ல சும்மாவே இப்படி ஆகும். அந்த நேரத்துல சத்தம் வரலைங்கிறது நல்ல எச்சரிக்கை.

ஆனா சத்தம் வந்துட்டா பாதுகாப்புன்னு எடுத்துக்காதீங்க. 2015ல சாமி கம்கர்னு ஒரு ஆராய்ச்சியாளர் டெஃப் கான்ங்கிற ஹேக்கர்கள் மாநாட்டுல ‘ரோல்ஜாம்’னு ஒரு பெட்டியைக் காட்டினார். சுமார் 30 டாலர் செலவுல செஞ்சது. ரிமோட் ஒவ்வொரு தடவையும் புதுக் குறியீடு அனுப்பும், பழசு செல்லாது, அதான் ரோலிங் கோட். இந்தப் பெட்டி என்ன பண்ணும்? நாம முதல்ல அமுக்கினதைத் தடுத்து, தன்கிட்ட பதிஞ்சு வச்சுக்கும். வண்டி பதில் சொல்லலையேன்னு நாம ரெண்டாவது தடவை அமுக்குவோம். அதையும் தடுத்துப் பதிஞ்சுட்டு, முதல்ல பதிஞ்சதை வண்டிக்கு அனுப்பும். வண்டி ‘கீக்’னு சொல்லும், நாம நிம்மதியாப் போயிடுவோம். செல்லுபடியாகிற ரெண்டாவது குறியீடு பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கும். அதாவது அந்த ‘கீக்’கை வரவழைச்சதே திருடனா இருக்கலாம்.

பயமுறுத்தச் சொல்லல. பூட்டிட்டுக் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறதுக்கு எந்தச் சத்தமும் ஈடாகாது. ஸ்மார்ட் கீ கைப்பிடி பட்டன் வச்ச கார்னா சாவியைக் கொஞ்சம் தள்ளி வேற ஆள்கிட்ட கொடுத்துட்டு இழுத்துப் பாருங்க. சாவி பாக்கெட்ல இருந்தா சில கார் நம்மைப் பார்த்ததும் மறுபடி திறந்துக்கும்.

பெட்ரோல் பாட்டி

சண்முகம், உங்க கார்ல பக்கக் கண்ணாடி தானா மடியுமா? பூட்டினா மடியற மாதிரி செட்டிங் இருந்தா ஆன் பண்ணிடுங்க. நூறு அடி தள்ளி நின்னாலும் தெரியும், வெயில்லயும் தெரியும், யாரையும் எழுப்பாது. என்னைக் கேட்டா கார் கம்பெனிக்காரங்க கொடுத்ததுலயே உருப்படியான லாக் அடையாளம் அதுதான்.

சந்தேகம் சண்முகம் (திருச்சி)

மடியும். ஆனா அம்மாவுக்கு அதுவும் தெரியாதே. கார் ஸ்கோடா. சத்தத்துக்கு மெனுவுல தேடிட்டேன், இல்லை.

கோடிங் குமரன் (பெங்களூரு)

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா குடும்பத்துல நிறைய விஷயம் வண்டிக்குள்ள தூங்கிட்டிருக்கும். வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி போர்ட்ல, செட்டிங் மாத்த உதவுற விசிடிஎஸ் கேபிளோ ஓபிடிலெவன் கருவியோ மாட்டி, 09ங்கிற சென்ட்ரல் எலக்ட்ரிக்ஸ் பகுதிக்குள்ள போனா, பூட்டும்போது ஒலி மூலமா பதில் சொல்றதுக்குத் தனியா மதிப்பு இருக்கும். மெனுவுல அந்த வரி தெரியணுமா வேண்டாமாங்கிறதுக்கும் தனி மதிப்பு. ரெண்டையும் மாத்தினா, அப்புறம் ஸ்க்ரீன்லயே ஆன் ஆஃப் பண்ணிக்கலாம்.

ஆனா உங்க வேரியன்ட்ல கம்பெனி அலாரம் சைரன் இருக்கணும். கத்த வாயே இல்லாத வண்டியில செட்டிங்கை மாத்தி என்ன பிரயோஜனம்? முதல்ல அதைப் பார்த்துக்கோங்க. மாத்துறதுக்கு முன்னாடி இருக்கிற மதிப்பு எல்லாத்தையும் சேமிச்சு வைங்க, ஸ்க்ரீன்ஷாட் போதும். இன்ஜின் ஆஃப், இக்னிஷன் ஆன், பேட்டரி நல்ல சார்ஜ்ல இருக்கணும். வாரண்டி காலத்துல இருக்கிற வண்டின்னா சர்வீஸ் சென்டர்லயே செஞ்சு தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்க. சிலர் செய்வாங்க, சிலர் மூஞ்சைத் திருப்பிக்குவாங்க.

யாழ் சில்லு (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கம் ஓடுற வாகனம் கனக்க ஜப்பானில இருந்து ரீகண்டிஷன் பண்ணி வந்தது. மெனு முழுக்க ஜப்பான் எழுத்து, ஒண்டும் விளங்காது. என்ர டொயோட்டாவில பூட்டேக்க வாற பஸ்ஸர் சத்தம் காணாது, மழை நாளில கேக்கவே கேக்காது. இதைக் கூட்டேலுமோ அண்ணை?

வயர்மேன் (கோவை)

கூட்டலாமுங்க. டொயோட்டாவுல அந்தப் பஸ்ஸர் சத்தத்துக்கு நிறைய மாடல்ல 0 முதல் 7 வரை அளவு வச்சிருக்காங்க, 0ன்னா சத்தமே கிடையாது. சில மாடல்ல மீட்டர் நடுவுல இருக்கிற திரையிலயே மாத்தலாம். இல்லைன்னா டெக்ஸ்ட்ரீம் மாதிரி ஸ்கேனர் வச்சிருக்கிற கராஜ்ல சொன்னா வண்டி செட்டிங்குக்குள்ள போய் மாத்திக் கொடுப்பாங்க. அதுக்கு முன்னாடி பம்பர் உள்பக்கம் பஸ்ஸர்ல சேறு அடைச்சிருக்கான்னு பாருங்க. மழைநாள்ல மட்டும் குறையுதுன்னா செட்டிங்கை விடத் தண்ணி மேலதான் எனக்குச் சந்தேகம். காத்தடிச்சுச் சுத்தம் பண்ணினாலே போதும்னு தோணுது.

யாழ் சில்லு (யாழ்ப்பாணம்)

நன்றி அண்ணை. சனிக்கிழமை கராஜுக்குக் கொண்டு போறன்.

கேள்வி கந்தன் (மதுரை)

என்கிட்ட இருக்கிறது ஹூண்டாய், கைப்பிடியில கறுப்பு பட்டன் வச்சது. சில நேரம் பட்டனை அமுக்கினா சின்னதா ஒரு பீப்போட பூட்டிக்குது. சில நேரம் பீ...ன்னு நீளமா இழுக்குது. இந்த நீளமான சத்தம்தான் எரிச்சல். அதை மட்டும் ஆஃப் பண்ண முடியுமா?

வயர்மேன் (கோவை)

கந்தா, அதை ஆஃப் பண்ண நினைக்காதீங்க. சின்ன பீப் ‘பூட்டிட்டேன்’. மூணு செகண்ட் இழுக்கிறது ‘பூட்ட மாட்டேன்’. ரெண்டும் வேற வேற பேச்சு. சாவியை வண்டிக்குள்ள விட்டுட்டு அமுக்கினாலும், ஸ்டார்ட் பட்டன் ஆஃபுக்கு வராம ஏசிசியிலயோ (இன்ஜின் ஓடாம ரேடியோ மாதிரி மட்டும் வேலை செய்யற நிலை) ஆன்லயோ நின்னாலும், ஏதாவது ஒரு கதவு சரியாச் சாத்தாம இருந்தாலும் அப்படி இழுக்கும். கதவு பூட்டாது.

அது அடிக்கடி வருதுன்னா பின் கதவு ரெண்டையும் ஒரு தடவை நல்லா அடிச்சுச் சாத்திப் பாருங்க. புள்ளைங்க சாத்துற கதவு பாதிதான் சாத்தும். அதுவும் சரின்னா கதவு சுவிட்ச் தேஞ்சிருக்கும். மீட்டர்ல கதவு திறந்திருக்கிற படம் வருதான்னு கவனிங்க.

பொதுவாவே இந்த இழையில எல்லாருக்கும் சொல்றேன். பூட்டினதைச் சொல்ற சத்தத்தைத் தாராளமா ஆஃப் பண்ணிக்கோங்க. பூட்ட முடியலைன்னு சொல்ற சத்தத்தைத் தொடாதீங்க. ஒழுங்கா வடிவமைச்ச கார்ல மெனுவுல முதலாவதுக்குத்தான் சுவிட்ச் இருக்கும். பஸ்ஸர் கனெக்டரையே உருவி விடறவங்க ரெண்டையும் சேர்த்துத் தொலைச்சுடறாங்க. ஹார்ன் ஃபியூஸைப் பிடுங்குற ஆளுங்களையும் பார்த்திருக்கேன். அவங்களுக்கு என்னத்தைச் சொல்ல.

ஜெர்சி சிட்டி மாமா

இங்க விக்கிற ஹூண்டாய், கியாவுல மீட்டர் திரையில யூசர் செட்டிங்ஸ், டோர்னு போனா ‘ஹார்ன் ஃபீட்பேக்’னு ஒண்ணு உண்டு. அது ஆன்ல இருந்தா, ரிமோட்ல ஒரு தடவை பூட்டி, நாலு செகண்டுக்குள்ள மறுபடி லாக்கை அமுக்கும்போது சத்தம் வரும். ஹோண்டா பத்திப் பாட்டி சொன்ன அதே ஏற்பாடு மாதிரிதான்.

நைட்ஷிஃப்ட் ஆளு (வேளச்சேரி)

இப்பத்தான் பானட் திறந்து பார்த்தேன். வயர்மேன் அண்ணே, நீங்க சொன்ன அதே கறுப்புப் புனல். பேட்டரிக்குப் பின்னாடி, வாய் மேல பார்த்த மாதிரி மாட்டியிருக்காங்க. சாவி ஓட்டையும் இருக்கு, மேல ரப்பர் மூடி போட்டு. எலக்ட்ரீஷியனை வெட்ட விடாம நிறுத்தினதுக்குக் கோடி நன்றி.

ரிமோட்ல நாலு பட்டன். பூட்டு படம், திறந்த பூட்டு படம், ஸ்பீக்கர் மேல குறுக்குக் கோடு போட்ட படம், நாலாவது அழிஞ்சு போச்சு, டிக்கின்னு நினைக்கிறேன். மூணாவது பட்டனை நான் தொட்டதே இல்லை, அலாரத்தையே செயலிழக்க வச்சிரும்னு பயம்.

வயர்மேன் (கோவை)

அடடா, விடை உங்க கையிலயே இருந்திருக்கு. பெரும்பாலான வெளி அலாரத்துல அந்தக் குறுக்குக் கோடு பட்டன் சத்தமில்லாம பூட்டுறதுக்கு. பூட்டு படத்துக்குப் பதிலா அதை அமுக்குங்க. கதவு பூட்டும், இண்டிகேட்டர் மின்னும், டேஷ்போர்டு சிவப்பு லைட் மினுங்க ஆரம்பிக்கும், சைரன் வாயைத் திறக்காது.

ஆனா ஒரு சோதனை பண்ணிப் பாருங்க, பகல்ல. டிரைவர் கண்ணாடியைக் கை நுழையற அளவு இறக்கி விட்டு, வெளியில நின்னு அந்தப் பட்டனால பூட்டுங்க. ஒரு நிமிஷம் விட்டு, கையை உள்ள விட்டு உள்பக்கக் கைப்பிடியால கதவைத் திறங்க. சைரன் கத்தணும். கத்தினா கதவைத் திறக்கும்போது அலாரம் வேலை செய்யுது, பூட்டும்போது மட்டும் அமைதி. உடனே ரிமோட்ல அன்லாக் அமுக்கி நிறுத்திடுங்க. கத்தலைன்னா அந்த மோடுல சைரனே தூங்குதுன்னு அர்த்தம். அப்படின்னா சொல்லுங்க, வேற வழி பார்க்கலாம். வாட்ச்மேன்கிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யுங்க.

சிக்னல் சித்தன்

சைரன் வாய் மேல பார்த்து இருக்குன்னு சொன்னாரே, அதையும் கவனிக்கணும். மழைத் தண்ணி நிக்கும், சத்தமும் நேரா பானட் தகட்டுல போய் மோதும். கீழ பார்த்த மாதிரி திருப்பி மாட்டச் சொல்லுங்க.

நைட்ஷிஃப்ட் ஆளு (வேளச்சேரி)

சோதனை முடிஞ்சுது. மூணாவது பட்டன்ல பூட்டினேன், சத்தமே இல்லை, லைட் மட்டும். கையை விட்டுக் கதவைத் திறந்தேன், சைரன் பிச்சு உதறிடுச்சு. வாட்ச்மேன்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தும் ஓடி வந்தார். ஆக அலாரம் உயிரோடதான் இருக்கு. நேத்து ராத்திரி அப்படித்தான் பூட்டினேன், குரூப்புல எந்த மெசேஜும் இல்லை.

இன்னொரு விஷயம் புரியல. எப்பவாவது அன்லாக் பண்ணிட்டு, போன் பேசிட்டே வெளியில நின்னா, கொஞ்ச நேரத்துல வண்டி தானா பூட்டிக்கிட்டு ‘கீக்’னு கத்துது. நான் எந்தப் பட்டனையும் தொடறதில்லை.

வயர்மேன் (கோவை)

அது கோளாறு இல்லை. அன்லாக் பண்ணிட்டு எந்தக் கதவையும் திறக்கலைன்னா, தெரியாம பட்டன் அமுங்கிடுச்சுன்னு வண்டி நினைச்சுக்கும். பாக்கெட்ல சாவி அமுங்கி வண்டி ராத்திரி முழுக்கத் திறந்து கிடக்கக் கூடாதுன்னு வச்சது. கம்பெனி லாக்ல வழக்கமா 30 செகண்ட், வெளி அலாரத்துல யூனிட்டுக்கு யூனிட் கொஞ்சம் மாறும். அந்தத் தானியங்கிப் பூட்டு சத்தம் போட்டுத்தான் பூட்டும், அதுக்கு மூணாவது பட்டன் உதவாது. ராத்திரி அன்லாக் பண்ணினா உடனே ஒரு கதவைத் திறந்துடுங்க, தீர்ந்தது.

வக்கீல் வண்டி (சென்னை)

அந்த மூணாவது பட்டனைப் பற்றி டெலிவரி அன்று ஒரு வரி சொல்லியிருந்தால் இந்த இழையே வந்திருக்காது. பேக்கேஜ் பில்லில் கையெழுத்து வாங்க மட்டும் மறக்க மாட்டார்கள்.

கேள்வி கந்தன் (மதுரை)

தீபாவளி வரப் போகுது. போன தடவை எங்க தெருவுல அணுகுண்டு ஒண்ணு வெடிச்சா ஆறு கார் சேர்ந்து கத்துச்சு, வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா ரிமோட்டோட பால்கனிக்கு வந்தாங்க. வெளி அலாரம் போட்டவங்களுக்கு அதுக்கு என்ன வழி அண்ணே?

வயர்மேன் (கோவை)

அது அதிர்ச்சி சென்சார். டேஷ்போர்டுக்கு அடியில, ஸ்டியரிங் பக்கம், தீப்பெட்டி அளவுல ஒட்டியோ டேப் சுத்தியோ வச்சிருப்பாங்க. அதுல சின்ன திருகு ஒண்ணு இருக்கும், உணர்வைக் கூட்டிக் குறைக்க. போட்டுக் கொடுத்தவங்க முழுசா ஏத்தி விட்டிருப்பாங்க, டெமோ காட்டறதுக்கு வசதியா. கொஞ்சம் குறைச்சுட்டு, பூட்டின வண்டியோட முன் கண்ணாடித் தூணை உள்ளங்கையால ஓங்கித் தட்டுங்க. அதுக்குக் கத்தணும். பக்கத்துல லாரி போறதுக்குக் கத்தக் கூடாது. அந்த இடத்துல விட்டுருங்க.